ஏழு மணிப் பூட்டு

அமீர் ஹம்சா வாசலில் நின்று இரண்டாவது முறையாக மகளுக்கு ஸலாம் சொன்னார்.

நிதா பதில் சொல்லவில்லை.

கூடத்து மேசையில் இருந்த கம்ப்யூட்டர் அப்போதுதான் இருண்டிருந்தது. மணி ஏழு. வீட்டுக்கே பொதுவான அந்த ஒன்றில், நிதாவின் கணக்கு மட்டும் ஏழு அடித்தால் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறக்கப் பெரியவர்களின் பாஸ்வேர்டு வேண்டும்.

"எந்த ஊட்லயாவது இப்பிடிப் பண்ணுவாங்களா? சீட் கவர் தைக்கற மாதிரி என்னையும் நாலு பக்கமும் தெச்சுப்போட்டீங்க!"

போத்தனூரில் பைக் சீட் தைக்கும் கடை அவருடையது. அவர் சிரிக்கப் பார்த்தார்.

"நம்ம தையல் அத்தன லேசுல பிரியாது கண்ணு."

"ஒங்களப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது" என்றாள். அவளுக்குப் பதினாலு வயது.

சமையலறையில் நிதாவின் அம்மா நஃபீசா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாவது முறை சொல்வார் என்று காதைக் கொடுத்திருந்தாள். வண்டி கிளம்பும் சத்தம்தான் கேட்டது. கடையைச் சாத்திவிட்டு வர அரை மணி நேரம் ஆகும்.

ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை.

பக்கத்து டீக்கடைக்காரர் போன் செய்தபோது வெங்காயம் பாதி வதங்கியிருந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தது. வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். மறுநாள் வீட்டில் தாயும் மகளும் மட்டும். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள் நஃபீசா. இன்னும் மூன்று மாதம் வாசற்படி தாண்ட முடியாது. எழுந்து வேறெங்காவது போய்விட வேண்டும் என்று தோன்றியபோதும் அவளுக்குப் போக இடமில்லை.

ஏழு மணிக்குத் திரை மூடிக்கொண்டது.

அன்று நிதா நாற்காலியை விட்டு எழவில்லை. தட்டத் தொடங்கினாள்.

"கடைப் பேரு. இல்ல. வண்டி நம்பரு. இல்ல. பொறந்த வருசம், அதுவும் இல்ல." ஒவ்வொரு தடவையும் கட்டம் சிவந்து காலியானது. "போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டாராம், பெரிய இஞ்சினியரு! போறப்பவும் சாவிய எடுத்துட்டே போயிட்டாரு."

"மவுத்தானவங்கள அப்பிடிப் பேசக் கூடாது."

"பேசுவேன். வந்து கேக்கச் சொல்லுங்க."

கல்யாணத் தேதியைப் போட்டாள். போத்தனூர் என்று போட்டாள். அவர் தினமும் குடிக்கும் இஞ்சி டீயைக்கூடப் போட்டுப் பார்த்தாள். விசைகளை ஆணி அடிப்பது போல அடித்தாள்.

அடுத்ததை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. மெதுவாக, ஒவ்வொன்றாக அழுத்தினாள். விரல் போன இடங்களைப் பார்த்தே நஃபீசாவுக்குத் தெரிந்துவிட்டது. தன் பெயரைப் போட்டிருந்தாள்.

கட்டம் சிவந்தது.

நிதா விசைப்பலகையைத் தள்ளிவைத்தாள்.

"என் பேருகூட இல்லம்மா."

நாற்பது நாட்களாக அவள் சோற்றைப் பிசையும்போதும் படுக்கையில் புரளும்போதும் அன்று சொல்லாத பதிலை, 'வ அலைக்கும் ஸலாம்' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை நஃபீசா பார்த்திருக்கிறாள். எத்தனை தடவை என்று கணக்கில்லை.

"அன்னைக்கு நான் பதில் சொல்லாம இருந்ததுதான் சரி" என்றாள் நிதா. அதற்குப் பிறகு அவள் உதடு அசைந்து நஃபீசா பார்க்கவில்லை.

பாஸ்வேர்டு பதினொரு எழுத்து.

நஃபீசா அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தவள் அவள். ஒரு மார்ச் மாத மதியம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அவளே தேர்ந்தெடுத்துப் போட்ட பாஸ்வேர்டு அது. முகம் தெரியாத ஒருவன் நிதாவிடம் மூன்று முறை போட்டோ கேட்டு எழுதியிருந்ததை அன்று காலையில்தான் பார்த்திருந்தாள். அமீர் ஹம்சாவுக்குக் கம்ப்யூட்டரை அணைக்க மட்டும்தான் தெரியும். அதுவும் சுவரில் இருக்கும் ஸ்விட்சில்.

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டவர் எழுந்து போய்ச் சுவர் ஸ்விட்சை அணைத்தார். பிறகு சொன்னார்:

"பூட்டு உம்படதா இருக்கட்டும். பூட்டுன பேரு எம்படதா இருக்கட்டும். வயசுப் புள்ள. ஊட்ல ஒருத்தருகிட்டயாச்சும் வாயத் தொறந்து பேசோணுமல்ல."

அவர் சொன்னபடியே நடந்தது. அத்தாவைத் திட்டித் தீர்த்துக்கொண்டே, ஒரே வாரத்தில் அந்த ஆளைப் பற்றி நிதா தானாக வந்து அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

இப்போது ஒரு வார்த்தை போதும். நான்தான் போட்டேன் என்று சொல்லிவிடலாம். நஃபீசா வாயைத் திறந்தாள்.

அதற்குள் நிதா நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எனக்கு அத்தாவப் புடிக்கவே இல்லம்மா. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

நஃபீசா அவள் தலையைக் கோதிவிட்டாள். கூந்தலில் விழுந்திருந்த சிக்கை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பூட்டியது யார் என்று சொல்லவில்லை.

இப்போது நிதா கல்லூரிக்குப் போகிறாள். யார் என்ன சொன்னாலும், எங்கே எது நடந்தாலும், முதலில் அம்மாவிடம் வந்துதான் சொல்கிறாள்.