பெட்டிக்கு ஒரு சட்டை

ஸ்பீக்கர் பெட்டிக்குச் சட்டை தைத்துப் போட்ட ஊரை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

எங்கள் ஊர்தான் அது. தைத்தவள் நான்.

மட்டக்களப்புப் பக்கம், களுதாவளைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சுனாமிக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் அந்தப் பெட்டியைத் தந்தது. அம்ப்ளிபயர், பற்றரி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மைக்குக்கு வயர் கிடையாது. கடல் திரும்ப எழும்பினால் ஊரைக் கூப்பிடுவதற்கு என்று சொல்லித்தான் தந்தார்கள்.

கடல் வரவில்லை. சண்டை முடிந்ததும் விருந்தாளிகள்தான் வந்தார்கள், வேன் வேனாக.

விருந்தாளி வந்தால் விழா. விழா என்றால் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி பேச வேண்டும். முந்தி மைக்குக்கு வயர் இருந்தபடியால் மேடையோடு நின்றார். இந்த மைக் வந்ததும் சனத்துக்குள் இறங்கிவிட்டார். ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் போய், "எழும்பு புள்ள" என்பார். அவள் வீட்டில் யார் யார் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று வந்தவர்களுக்கு விளக்குவார். அவள் அழுதால் கமரா கிட்ட வரும். அதற்குப் பிறகுதான் அரிசிப் பையோ நுளம்பு வலையோ அவள் கைக்கு வரும்.

அப்படியான ஒரு விழாவுக்கு முன்னால்தான் தலைவரின் பெண்சாதி நேசமலர் அக்கா சிவப்பு சாட்டின் துணியோடு என் வாசலில் வந்து நின்றார்.

"வெயிலிலயும் தூசியிலயும் பெட்டி பழுதாப் போகும் புள்ள. வடிவா ஒரு சட்டை தை."

முகத்துக்கு வலை, ஓரத்துக்குத் தங்கப் பட்டி. நெற்றியில் 'தலைவர் வினாயகமூர்த்தி' என்று பூ நூலால் எழுத்து. எழுத்தைப் பார்த்ததும் தலைவருக்குப் பல்லெல்லாம் வெளியில். மனிசிமாருக்குள் இப்படி மூளையுள்ள ஒருத்தியைக் கண்டதில்லை என்று சங்கக் கூட்டத்திலேயே சொன்னாராம்.

அன்றிலிருந்து பெட்டிக்கு ஒரு வருத்தம் பிடித்தது. தலைவர் சனத்துக்குள் இறங்கிச் சூடாகும் நேரம் பார்த்து ஊமையாகிவிடும். மைக் இல்லாவிட்டால் தலைவரின் தொண்டையும் சேர்ந்து நின்றுவிடும். வந்தவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். சாமான்களைக் கடகடவென்று பகிர்ந்துவிட்டு வேனில் ஏறிவிடுவார்கள்.

பெட்டியைப் பார்க்க டவுனிலிருந்து ரேடியோ திருத்துகிற பிலிப்பு அண்ணன் வந்தார். தலைவர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். சட்டையில் பிரிந்த தையலைப் பார்க்க நானும் அக்கா வீட்டில் இருந்தேன். பெட்டி வெறும் மேலோடு சார்ஜில் கிடந்தது. வீட்டில் எப்போதும் அப்படித்தான், விழா என்றால் மட்டும் அதற்கு உடுப்பு.

பிலிப்பு அண்ணன் பெட்டியின் முதுகைத் தட்டினார். அலுமினியம் பல்லுப் பல்லாக இருந்தது.

"பெட்டியில ஒரு பழுதும் இல்லக்கா. இதுக்குள்ளாலதான் சூடு வெளியில போகும். நீங்க சாட்டினால இறுக்கிக் கட்டினா எங்க போகும்? எரிஞ்சு போகாம இருக்கத் தானா நிக்குது. ஆறினதும் திரும்பப் பேசும். சட்டையைக் கழட்டிப் போடுங்க."

அக்கா தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார். சட்டை இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் பேசும், தடிப்பான துணி என்றால் எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்றெல்லாம் விசாரித்தார். தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்.

தலைவர் வந்ததும் அக்கா, "வெயில்தான் ஒத்துக்கொள்ளுதில்லையாம். நல்லா மூடி வைக்கச் சொன்னவர்" என்றார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் சொன்னேன். கிணற்றடியில் ஒரு கிழமைக்கு இதுதான் கதை. புருஷனின் பேர் வெளியில் தெரிந்தால் போதும், பெட்டி வெந்தால் என்ன என்று பெண்டுகள் அக்காவை வறுத்தெடுத்தார்கள்.

சிரிக்காதவள் பக்கத்து வீட்டு அஜந்தா மட்டும். அடுத்த விழாவில் கோழிக்கூடு கொடுக்கிறார்கள், அவளுக்கும் ஒன்று.

சுனாமியன்று அவளுக்கு ஒரு கையில் மகன், மற்றக் கையில் கைக்குழந்தை. தென்னையைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. இன்று அந்தக் கைக்குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். அண்ணன் நோயில் போனான் என்றுதான் அஜந்தா அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"கூடு வேணும்கா. முட்டை வித்தாவது இவளைப் படிப்பிக்கலாம். புள்ளையையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். தலைவர் அந்தக் கதையை எடுத்தா, அவள் கேட்டுக்கொண்டெல்லோ இருப்பாள்?"



விழாவுக்கு முதல் நாள் நேசமலர் அக்கா திரும்ப வந்தார். ஒரு கையில் சட்டை, மறு கையில் சுனாமி நிவாரணத்தில் வந்த கம்பளி. மட்டக்களப்பு வெக்கைக்குக் கம்பளி அனுப்பின புண்ணியவான் யாரோ. ஊரில் ஒருவரும் அதைப் போர்த்தது கிடையாது.

"இதைச் சட்டைக்கு உள்ளுக்கு வைச்சுத் தைக்கோணும்."

"பிலிப்பு அண்ணன் சொன்னது விளங்கல்லயாக்கா? இதையும் போட்டா பெட்டி வாயே திறக்காது" என்று நான் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. எட்டி அஜந்தாவின் வளவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு நல்லா விளங்கினது புள்ள. நாளைக்கு அவர் அஜந்தாவைத்தான் முதல்ல எழுப்பப் போறாராம். வணக்கம் சொல்லி முடியமுதல் பெட்டி நிக்கோணும். முதுகுப் பக்கம் ரெண்டு மடிப்பா வைச்சுத் தைச்சுத் தா."