ஒருவருக்கு மட்டும்

மெடிக்கல் கார்டு என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சயீதுக்கு அலுத்துப்போனது. காஹாங் ஊரில் மளிகைக் கடையை மூடிவிட்டு ஓய்ந்திருப்பவருக்கு, இருவருக்கும் சேர்த்து மாதாமாதம் கட்டத் தெம்பில்லை.

"உனக்குப் போட்டுருவோம். நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே போய்க்கிறேன்," என்றார் மனைவி பரக்கத் நிஷாவிடம்.

"வேணாம்லா. படி ஏறினா மூச்சு வாங்குறது யாருக்கு? உங்களுக்கே நல்லதாப் பார்த்துப் போடுங்க. எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல."

வாரக்கணக்காக இதே பேச்சு. கடைசியில் நிஷாவின் பிடிவாதமே வென்றது. செலவு பாதியாகக் குறைந்ததில் சயீதுக்கு உள்ளூர நிம்மதி. அப்படி நிம்மதிப்பட்டது அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் ஏஜென்ட் ஆப்ரின் வீட்டுக்கு வந்தாள்.

"நாமினியா ஆன்ட்டி பேரைத்தானே போடணும், அங்கிள்?"

"வேற யாரு இருக்கா?"

"எங்க மக இக்ரா பேரைப் போடும்மா," என்றாள் நிஷா.

"ஏன், நீ இல்லையா?" என்று சயீது சிரித்தார்.

நிஷா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேன்சர்னு போன மாசமே டாக்டர் சொல்லிட்டாருங்க. இனிமே எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்த்துக்காது. நீங்க கையெழுத்துப் போடுங்க."