தேவா சித்தப்பா குரல்

சிரிக்கத்தான் சொல்றேன். ஆனா இப்பவே சிரிச்சிடாதீங்க. கடைசியில ஒரு ஆளு ஏமாந்து அசடு வழிவான். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கினு இருங்க.

சாயந்தரம் எல்லார் போனும் ஒண்ணா அலறிச்சி. 'விழுப்புரம் மாவட்டத்தில் இடி மின்னலுடன் சூறைக்காற்று. மரத்தடியிலும் தகரக் கூரையின் கீழும் நிற்க வேண்டாம்.'

பெருமுக்கல் ஊரே வீட்டுக்குள்ள போயிடிச்சி. பக்கத்து வீட்டு தாண்டவராயன் பெரிப்பா மட்டும் கழனியில, மோட்டார் கொட்டாயில. மேல தகர ஷீட்டு. அதுக்கு மேல வேப்பமரம். எது ரெண்டும் ஆகாதோ, அது ரெண்டுக்கும் கீழ!

சின்னபொண்ணு பெரிம்மா போன் பண்ணிப் பண்ணி ஓய்ஞ்சி போச்சி.

"கிளம்புய்யான்னா, 'மல்லாட்டை மூட்டை கெடக்குது, வர முடியாது'ங்குது. கடலை மூட்டைக்குக் காலா மொளைச்சிருக்கு? பேஜாரு புடிச்ச மனுசன்! டேய் கோகுலு, நாள் பூரா எவன் எவன் குரல்லயோ பேசறியே, இன்னிக்காவது உருப்படியா பேசி வரவைடா!"

நான் பண்ணாத குரல் இல்ல. திண்டிவனம் பஸ் கண்டக்டர்லேர்ந்து எங்க ஹெட்மாஸ்டர் வரைக்கும். பெரிப்பாவுக்குத் தெரியாத புது நம்பர்லேர்ந்து, முதல்ல வி.ஏ.ஓ. ஆனேன்.

"தாண்டவராயன்தானே? எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் சார்! கதவைச் சாத்திக்கினு உக்காந்திருக்கேன்!"

பின்னாடி ஷீட்டு தடதடன்னு அடிக்குது. புளுகைப் பாருங்க!

பெரிம்மா தலையில அடிச்சிக்கிச்சி.

வேற வழியில்ல. பெரிய ஆயுதத்தை எடுத்தேன். தேவா சித்தப்பா குரல்.

தேவா, பெரிப்பாவோட சொந்தத் தம்பி. ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களுக்கும் ஒரு காதுகுத்துல சண்டை. அதுலேர்ந்து அண்ணன் தம்பிக்கும் பேச்சில்ல. தெருவுல எதிர்ல வந்தா காறித் துப்பிட்டுத்தான் நகருவாங்க. கழனியில பொதுக் கிணத்துலகூட தண்ணி பாய்ச்ச ஆளுக்கு ஒருநாள் முறை. இன்னிக்குப் பெரிப்பா முறை.

தொண்டையைக் கரகரப்பாக்கிக்கினேன்.

"டேய் தாண்டவராயா! தேவா பேசறேன்டா. உன் வீட்டுத் தென்னை மட்டை என் மாட்டுக் கொட்டாய்மேல விழுந்திடிச்சி. உன் வாசல்லதான் நிக்கிறேன். ஆம்பளையா இருந்தா வாடா!"

அந்தப் பக்கம் தொண்டையில என்னவோ சிக்கின மாதிரி ஒரு சத்தம். கோவம் தலைக்கேறிடிச்சி!

"யாரு... தேவாவா?"

"தேவாதான்டா! வரமாட்டியா? இரு, நானே கழனிக்கு வர்றேன்!"

பெரிப்பா குரல் பதறிப் போச்சி. "வேணாம்! வெளிய வராதே! இதோ, நானே வர்றேன். வாசப்படி தாண்டாதே!"

போனை வச்சிட்டுக் குதிச்சேன். "பாத்தியா பெரிம்மா? மிரண்டுட்டாரு!"

காத்து ஊளையிட ஆரம்பிச்சிது. முருங்கை முறிஞ்சி விழுந்துது. கரண்டு போச்சி. பெரிம்மா கதவைப் புடிச்சிக்கினு நிக்குது.

ஒருவழியா பைக் லைட்டு தெரிஞ்சிது. தார்ப்பாயைப் போத்திக்கினு வந்த பெரிப்பா, உள்ள நுழைஞ்சதும் நுழையாததுமா என் மண்டையில ஒண்ணு போட்டாரு.

"வெட்டவெளியில இடி விழுவுது, தொரை கழனிக்கு வர்றாராம்! உனக்கு ஒண்ணு ஆச்சின்னா உங்கம்மாவுக்கு எவன்டா பதில் சொல்றது?"

"பெரிப்பா... பேசினது நான்னு தெரியுமா?"

கழனிப் பக்கம் தகரம் பிச்சிக்கினு பறக்கிற சத்தம் கேட்டுது. பெரிம்மா கண்ணை மூடிக்கிச்சி. தொறந்தப்ப, தார்ப்பாய்க்குள்ளேர்ந்து இன்னொரு தலை எட்டிப் பாத்துது. மடி நிறைய மல்லாட்டைத் தோலு.

தேவா சித்தப்பா!

"இருக்கிறது ஒரு வண்டி," பெரிப்பா, பெரிம்மா பக்கமே திரும்பாம சொன்னாரு. "சேந்து வந்தா நீயும் இவன் பொண்டாட்டியும் பாத்துடுவீங்க. இவனை விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர்றது?"

சித்தப்பா தலையைத் துவட்டிக்கினே என்னைப் பாத்து சிரிச்சாரு.

"குரல் அப்படியே என்னுதுதான்டா, பக்கத்துல உக்காந்து கேட்டேனே! ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. எங்கண்ணனை நான் ஒருநாளும் 'டேய்'னு கூப்ட்டதில்ல."