வயர் மாட்டினாத்தான் பாட்டு

“புளூடூத்து, வைஃபை எல்லாம் எப்பவோ மண்டையைப் போட்டுடுச்சுங்க. ஆனா எஃப்எம் மட்டும் கணீர்னு இருக்கும். வயர் மாட்டினாத்தான் பாட்டு. அந்த வயர்தான் இதுக்கு ஏரியலு. புதுப் போனுல இந்த ஓட்டையே கெடையாது, தெரியுமா?”

யார் கேட்டார்கள்? ஆட்டோக்காரன் கொளஞ்சி தானாகவே தன் பழைய போனின் பெருமையை அளந்துவிட்டு, இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டான்.

“மாட்டிட்டேன்னா பக்கத்துல வெடி வெச்சாலும் எனக்குக் கேக்காது. எதுனா சொல்லணும்னா தோளைத் தட்டுங்க பாய். முல்லா வீதி, பச்சை கேட்டு, அவ்ளோதானே?”

ஜஹபர் நிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரி வாசலில் வேறு ஆட்டோவே இல்லையா? நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்குப் பாட்டு ஒரு கேடா?

“பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்சா எப்படிப்பா கேக்கும்?” என்றாள்.

கொளஞ்சியோ தலையை ஆட்டி ஆட்டி ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டபடி வண்டியைக் கிளப்பினான்.

“நல்ல ஆளாப் பாத்துப் புடிச்சீங்க!” என்று கணவர் மேல் பாய்ந்தாள்.

ஹிதாயத்துல்லா அதைக் கண்டுகொள்ளவில்லை. வண்டி காமராஜர் சாலைக்கு வந்ததும் மெல்லக் கேட்டார்.

“டாக்டர் உன்னை மட்டும் உள்ள கூப்பிட்டாரே, என்ன சொன்னார்?”

“வெளியாளை வெச்சுக்கிட்டு என்ன பேச்சு? வீட்டுக்குப் போயி...”

“வீட்ல இஃப்ஃபத் இருக்கா. மாப்பிள்ளை வீட்டு ஜனம் வேற வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்கு. அங்க எங்க பேசுறது? இவனுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே. சொல்லு நிஷா.”

நிஷா ஓட்டுகிறவனைப் பார்த்தாள். தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

“அந்த நோய்தானாங்க” என்றாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். “குடல்ல. ஆபரேஷன் பண்ணிடலாமாம். பயப்படாதீங்கன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நிஷா பார்த்ததே இல்லை. இப்போது சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார்.

“எம்பொண்ணு இஃப்ஃபத் நிக்காஹ் முடிஞ்சுட்டாப் போதும். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா எனக்குக் கல்யாணமே வாணாம்னுடுவா.”

“நான் மூச்சு விட மாட்டேங்க. நீங்க தைரியமா இருங்க” என்றவளும் சேர்ந்து அழுதாள். வாய்விட்டே அழுதார்கள். வேறு எங்கே அழ முடியும்?

வண்டி முல்லா வீதிக்குள் நுழைந்து வேகம் குறைந்தது. பச்சை கேட்டுக்கு வெளியே, யாரிடமோ பேசிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தாள் இஃப்ஃபத்.

“யா அல்லா, வாசல்லயே நிக்கிறாளே!” ஹிதாயத்துல்லா பதறிப்போனார். “என் மூஞ்சியைப் பாத்தாலே கண்டுபுடிச்சுடுவா நிஷா. கொஞ்ச நேரம் கெடைச்சாக்கூடப் போதும், ஒரு மாதிரி சமாளிச்சுக்குவேன்.”

நிற்க வேண்டிய ஆட்டோ சட்டென்று வேகமெடுத்து வீட்டைத் தாண்டிப் போனது.

“பாத்தீங்களா, வீட்டையே தாண்டிட்டான்! பாட்டு மயக்கம்!” என்று தோளைத் தட்ட எட்டிய நிஷாவின் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

போன் ஹேண்டிலுக்குக் கீழே இருந்த டப்பாவில் கிடந்தது. அவன் காதிலிருந்து இறங்கிய வயர் அதுவரைக்கும் போகவேயில்லை. அதன் முனை எதிலும் செருகாமல் அவன் மடியில் சும்மா கிடந்தது.

“தட்டேன், என்ன பாத்துக்கிட்டிருக்கிற?” என்றார் ஹிதாயத்துல்லா.

நிஷா கையை இழுத்துக்கொண்டாள். தலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

“விடுங்க. நல்ல பாட்டு போலிருக்கு” என்றாள். “முடிஞ்சதும் அவரே திருப்புவாரு.”