மூன்று கறுப்புப் புள்ளிகள்

"உங்க திரை பொய் சொல்லுது, சார். செத்துட்டதாக் காட்டறீங்களே, அந்தக் கணக்கு தப்பு."

புள்ளிவிவர அதிகாரிக்குச் சுள்ளென்று ஏறியது. வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மருத்துவமனையின் மூன்றாவது மாடிவரை ஏறி வந்து எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி யாரென்றே அவருக்குத் தெரியாது. திரையில், புது மருந்து சாப்பிடும் நோயாளிகள் ஆளுக்கொரு புள்ளியாகத் தெரிந்தார்கள். உயிரோடிருப்பவர்கள் நீலம், போய்ச்சேர்ந்தவர்கள் கறுப்பு. ஒரு புள்ளியைத் தட்டினால் அவரது வயது, சேர்ந்த மாதம் தெரியும்; யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கறுப்பு மூன்று இருந்தது.

நாளைக் காலை டாக்டர்கள் கூடி இதைத்தான் பார்ப்பார்கள். மூன்று சாவு போதும், மருந்தை நிறுத்திவிடுவார்கள். கீழே வார்டில் இருப்பவர்களுக்கோ வேறு மருந்தே கிடையாது.

"மருந்துக் கம்பெனி உங்களுக்கு என்ன குடுக்கறாங்க?" என்றார் குத்தலாக.

"பஸ் டிக்கெட் கூடக் குடுக்கல, சார்."

மூலப் பதிவுகளில் யாரும் கை வைக்க முடியாது, அதிலிருந்து இந்தப் படத்தை யார் புதிதாகக் கட்டினாலும் இதேதான் வரும் என்று அவர் பாடம் நடத்தினார். அப்படியானால் கட்டிக் காட்டுங்கள் என்றாள். அவளை அனுப்பிவைத்தால் போதுமென்று பொத்தானைத் தட்டினார். நோயாளிப் பட்டியல்கள் மறுபடி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. அதே மூன்று கறுப்பு.

"பாத்தீங்களாம்மா?"

"அதே தப்பு அப்படியே திரும்பி வந்தா, அது சரியாகிடுமா?"

சுருக்கென்றது. கோத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மூவருமே பாதியில் கிளை மருத்துவமனைக்கு மாறியவர்கள். அங்கே புது நோயாளி எண் கொடுத்துப் பழைய எண்ணை மூடியிருந்தார்கள். மூடிய எண்ணையெல்லாம் திரை மரணக் கணக்கில் சேர்த்திருந்தது. புது எண்ணில் தேடினால், மூவரும் போன வாரம்கூட ரத்தப் பரிசோதனைக்கு வந்திருக்கிறார்கள்.

இணைப்பைத் திருத்தி, படத்தை அடியிலிருந்து மறுபடி கட்டினார். திரை முழுக்க நீலம். தலைமை டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு, பிறகு ஒரே வரி: மருந்து தொடரும்.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவருக்கு. நாற்காலியில் சாய்ந்தார். "மன்னிச்சுக்குங்கம்மா, உங்களத் தப்பா நெனச்சுட்டேன். ஆனா, மூணு பேரும் உயிரோட இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு பேரத் தெரியாது, சார். ஒருத்தரத்தான் தெரியும்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஓரத்துல இருந்த அந்தக் கறுப்புப் புள்ளி நான்தான். வந்ததுமே சொல்லியிருந்தா, என் ஒருத்திய மட்டும் நீலமாக்கி அனுப்பியிருப்பீங்க."