நான்காவது சாவி

அறையில் இருந்தவர்கள்: நான், வசந்தாதேவி அக்கா, கொழும்புத் தலைமை அலுவலகம் அனுப்பிய கணினிக்காரர் நல்லரத்தினம். கணினிகளும் மூன்றுதான். மட்டக்களப்பு, 2007, பின்னேரம் நாலு மணி.

காணாமல் போனவர்களின் பட்டியலைத் தினமும் நகலெடுத்துக் கொழும்புக்கு அனுப்புவது எங்கள் வேலை. வழியில் யாரும் படிக்காதபடி ஒவ்வொரு கணினியும் தன் நகலைத் தனி இரகசியச் சாவியால் பூட்டி அனுப்பும். ஒரு மாதமாக, அனுப்பும் நேரமான நாலு பத்துக்குத் தினமும் மென்பொருள் நின்றுபோனது. பட்டியல் போகவில்லை.

நல்லரத்தினம் பதிவுகளைப் பார்த்தார். "மூண்டு இணைப்புக்கு மேல இது தாங்காது. நாலாவதா ஒண்டு வருது. ஆர் இந்த வீரகத்தி?"

"எங்களோட வேலை செய்தவர்," என்றார் அக்கா. "போன மாசம் வேன்ல ஏத்திக்கொண்டு போனானுகள். லெப்டொப்பும் போச்சு, இந்தக் கதவுத் திறப்பும் போச்சு."

பூட்டுக்கு இருந்தது அந்த ஒரு திறப்புத்தான்; வேறு சாவி இல்லை. அன்றிலிருந்து கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் போகிறோம்.

"ஆனா இந்த அறைக்குள்ள இருந்துதானே இணையுது," என்றார் நல்லரத்தினம். வீரகத்தியின் மேசை வெறுமையாக இருந்தது. "சரி, அவர்ர சாவிய ரத்துச் செய்வம். இல்லாட்டி பட்டியல் போகாது."

"கொண்டுபோனவனுகளே அவர் செத்திட்டாரெண்டு சொல்லல்ல. நீங்க ஏன் தம்பி சாவியப் பறிக்கிறீங்க?"

நான் விசைப்பலகையை இழுத்து, இணைப்பு வரம்பு மூன்று என்று இருந்த இடத்தில் நான்கு என்று அடித்தேன். நாலு பத்துக்கு நான்கு நகல்களும் ஒழுங்காகப் போயின.

ஊரடங்குக்கு முன் மூவரும் வெளியே வந்தோம். நான் கயிற்றை எடுப்பதற்குள், எங்களுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து பூட்டில் திறப்பு இரண்டு முறை திரும்பியது.