சுவரைத் தொடாதே

கண் தெரியாத என் பெண்டாட்டி செண்பகம் குளியலறைத் தரையில் வழுக்கி விழுந்தாள். அதுவரை சுவரைத் தடவித் தடவித் தனியாகத்தான் குளித்துவந்தாள். பிறகு நான் குளிப்பாட்டினேன். ஒவ்வொரு நாளும் அழுதாள். “தரையோட சுவத்து டைல்ஸையும் பேத்துருவோம் பெரியவரே,” என்றான் தரையை மாற்ற வந்த கொத்தனார் துரைப்பாண்டி. “அந்தச் சுவரு அவளுக்கு மனப்பாடம். தொடாதலே,” என்றேன். அவன் தரையைக் கொத்தி முடிக்கும்வரை சுவரில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதுத் தரை வழுக்காது என்றான், எவன் நம்புவான்? காய்ந்ததும் சோப்பைக் கரைத்து ஊற்றி நானே நடந்து பார்த்தேன். “இடுப்ப ஒடிச்சுக்கிட்டா ஒங்கள யாரு தூக்குவா?” என்று வாசலில் நின்று சிரித்தாள் செண்பகம். என் தோளைப் பிடித்து உள்ளே வந்தாள். சுவரைத் தடவிக் குழாயைக் கண்டுபிடித்ததும் தோளை விட்டாள். “வெளிய போங்க,” என்றாள். போனேன். “தாழ்ப்பாள் மட்டும் போடாத புள்ள,” என்றேன். போட்டுக்கொண்டாள்.